பன்றிப் பண்ணைகளுக்கான மருந்து உணர்திறன் பரிசோதனைச் சேவை: ஒரு கால்நடை மருத்துவரின் மதிப்பீடு

பன்றிப் பண்ணைகளிலிருந்து மலம், குடல், நுரையீரல் மாதிரிகளைப் பெற்று, அவற்றிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பிரித்து, எந்த ஆன்டிபயாடிக் எந்தக் கிருமியை அடக்கும், எது அடக்காது என்பதை எழுத்தில் அறிவிக்கும் ஆய்வகச் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. பன்றிப் பண்ணைகளுக்கு மருத்துவ ஆலோசனை வழங்குபவன் என்ற முறையில் இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஆய்வகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; நான் சுட்டும் குறைகள் அந்த ஓர் ஆய்வகத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இதே சேவையை வழங்கும் வேறு பலரிடமும் காணக்கூடியவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவாச நோய்களுக்கு இந்தச் சேவையை நம்பி மாதிரி அனுப்பலாம். குடல் நோய்களுக்கு, அறிக்கையை வாசிக்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் உடனிருந்தால் மட்டும் அனுப்பலாம். கொலிஸ்டின் மருந்தைப் பற்றி அறிக்கை சொல்வதை, எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேட்டறியாமல் ஏற்கக் கூடாது.

இத்தகைய சேவை ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பன்றிகளுக்கு மருந்து கொடுக்கும் முறையே விளக்கும். தாய்ப்பாலை மறக்கடித்த சில நாள்களில் ஒரு கொட்டிலில் ஐந்தாறு குட்டிகள் கழியத் தொடங்கினால், தீவனத்திலோ குடிநீரிலோ மருந்தைக் கலந்து கொட்டில் முழுவதற்கும் கொடுப்பது பல பண்ணைகளின் நடைமுறை. நோயுற்ற குட்டி தீவனத்தைச் சரியாகத் தொடாததால் தீவனத்தில் கலந்த மருந்து அதற்குப் போதிய அளவு சேர்வதில்லை. நலமான குட்டிகளின் குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோ காரணமின்றி மருந்துக்கு உள்ளாகின்றன. மருந்தைத் தாங்கியவை எஞ்சிப் பெருகுகின்றன. அவற்றின் எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் டி.என்.ஏ. வளையங்களில் அமர்ந்து ஓரினக் கிருமியிலிருந்து மற்றோரினத்துக்கு மாறுகின்றன; எரு, தூசி, தொழிலாளர்களின் கைகள், இறைச்சி ஆகிய வழிகளில் பண்ணையைவிட்டு வெளியேறுகின்றன. ஆகவே, எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதோடு, மருந்து வேண்டியதில்லை என்பதையும் சொல்லக்கூடிய அறிக்கையையே நல்ல அறிக்கை என்று கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்தே இந்தச் சேவையை எடைபோடுகிறேன்.

மாதிரி எடுப்பதற்கான பெட்டி நன்றாகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது. கிருமிகள் உலர்ந்துவிடாமல் காக்கும் ஊடகத்துடன் கூடிய ஸ்வாப்கள், கசியாத குப்பிகள், குளிர்ப் பொதிகள், தெளிவான வழிகாட்டுத் தாள் ஆகியவை அதில் உள்ளன. மருந்து இன்னும் கொடுக்கப்படாத, நோய் தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகாத குட்டிகளிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும் என்று வழிகாட்டுத் தாள் வலியுறுத்துவது மிகச் சரியானது. ஏற்கெனவே மருந்து உண்ட குட்டியின் மலத்தில் அந்த மருந்தைத் தாங்கிய கிருமிகளே மேலோங்கி நிற்கும். ஆனால் தாளில் உள்ள கண்டிப்பு வரவேற்பு மேசையில் இல்லை. கொட்டில் தரையிலிருந்து அள்ளிய எருவைக்கூட மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, அதில் வளர்ந்த ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவுக்கு முழுமையான மருந்துப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அனுப்புகிறார்கள்.

ஈ. கோலை எல்லாப் பன்றிகளின் குடலிலும் வாழ்வது; அது வளர்ந்தது என்பதால் மட்டும் எதுவும் நிறுவப்படுவதில்லை. பால்மறந்த குட்டிகளின் கழிச்சலுக்குக் காரணமாவது, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் எஃப்4 அல்லது எஃப்18 என்னும் நுண்ணிழைகளைக் கொண்டு, நச்சுகளைச் சுரக்கும் குறிப்பிட்ட வகை ஈ. கோலைதான். இந்த வகைகள் பெரும்பாலும் இரத்த அகாரில் (இரத்தம் கலந்த கூழ் போன்ற வளர்ப்பு ஊடகத்தில்) சிவப்பணுக்களைச் சிதைத்துத் தெளிந்த வளையத்துடன் வளரும் என்பதால், அனுபவமுள்ள ஆய்வாளருக்கு முதல் அடையாளம் தட்டிலேயே கிடைத்துவிடும். அதை மரபணுச் சோதனையால் உறுதிசெய்துகொண்டு, பிறகே மருந்துச் சோதனைக்குச் செல்ல வேண்டும். இந்த ஆய்வகத்தில் அந்த மரபணுச் சோதனை தனிக் கட்டணம் செலுத்தினால் செய்யப்படும் கூடுதல் வசதியாக வைக்கப்பட்டுள்ளது. இந்த ஏற்பாட்டை நான் முற்றிலும் மறுக்கிறேன். நோய்க்குக் காரணமான கிருமி எது என்று தெரியாத நிலையில், அருகில் இருந்த ஒரு கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிவதால் குட்டிக்கு ஒரு பயனும் இல்லை. அந்த அறிக்கையைக் காட்டி மருந்து கலக்க ஒரு காரணம் மட்டும் கிடைக்கும்.

இனி கொலிஸ்டின். இந்தச் சேவையில் எனக்கு மிகுந்த கவலை அளிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொலிஸ்டின் பாலிமிக்சின் வகையைச் சேர்ந்த பழைய மருந்து. பல பத்தாண்டுகளாகப் பன்றிக் குட்டிகளின் கழிச்சலுக்கு வாய்வழியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. சில நாடுகளில் வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்திலும் சேர்க்கப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனித மருத்துவத்தில் ஒதுக்கப்பட்டிருந்த அது, கார்பபெனெம் என்னும் வலிய ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத கிருமிகள் பெருகியபோது, வேறு வழியற்ற நோயாளிகளுக்கான கடைசி மருந்துகளுள் ஒன்றாகத் திரும்பி வந்தது. கொலிஸ்டினுக்கான எதிர்ப்பு, கிருமியின் சொந்த நிறமூர்த்தத்தில் நிகழும் பிறழ்வுகளால் மட்டுமே தோன்றுவதாகவும், ஆகவே ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாது என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார்கள். ஷாங்காயிலுள்ள ஒரு பண்ணைப் பன்றியிடமிருந்து பிரிக்கப்பட்ட ஈ. கோலையில், பிளாஸ்மிட்டில் அமர்ந்து இடம்பெயரக்கூடிய எம்.சி.ஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணுவை அவர்கள் அறிவித்தார்கள். அந்த ஆய்வில் சோதிக்கப்பட்ட 804 விலங்குகளில் 166-இலும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-இலும், மருத்துவமனையில் தொற்றுடன் இருந்த 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அந்த மரபணுவைக் கொண்ட ஈ. கோலையோ அதன் உறவுக் கிருமியோ இருந்தது. பிறகு உலகின் பல நாடுகளிலும், பழைய சேமிப்பு மாதிரிகளிலும்கூட அது கண்டறியப்பட்டது.

இப்படிப்பட்ட ஒரு மருந்துக்கு இந்த ஆய்வகம் வட்டுச் சோதனையைச் செய்கிறது. கிருமியை அகார் தட்டில் பரப்பி, மருந்தில் நனைத்த சிறு காகித வட்டை அதன்மேல் வைத்து, ஓர் இரவுக்குப் பின் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை அளக்கும் இந்த முறை 1966-இல் சீர்ப்படுத்தப்பட்டது. பல மருந்துகளுக்கு இன்றும் நம்பகமானது. கொலிஸ்டினுக்கு அது பொருந்தாது. அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் மிக மெதுவாகவே பரவும். ஆகவே அடங்கும் கிருமிக்கும் அடங்காத கிருமிக்கும் வளையத்தில் தெரியும் வேறுபாடு ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலும் எம்.சி.ஆர்-1 தரும் எதிர்ப்பு பெரும்பாலும் மிதமானது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை அடங்கும் ஈ. கோலையை உணர்திறன் உள்ளது என்று வகைப்படுத்தும் ஐரோப்பிய அளவுகோலுக்குச் சற்றே மேலாக, 4 அல்லது 8 மில்லிகிராம் என்ற அளவில்தான் இந்த மரபணுவைக் கொண்ட பல கிருமிகள் நிற்கின்றன. நாம் எந்தக் கிருமியைப் பிடிக்க வேண்டுமோ அதையே வட்டுச் சோதனை தவறவிடும் என்பதே இதன் பொருள். மருந்தைப் படிப்படியாக இருமடங்காக நீர்த்த திரவ ஊடகக் குழிகளில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் நீர்த்தல் முறையையே கொலிஸ்டினுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ., ஐரோப்பாவின் யூகாஸ்ட் ஆகிய இரு தரநிலை அமைப்புகளும் 2016-இல் கூட்டாக அறிவித்தன. பிளாஸ்டிக் பரப்பில் மருந்து ஒட்டிக்கொள்வதால் எந்த வகைத் தட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதைக்கூட அவை வரையறுத்தன.

இந்த ஆய்வகம் கொலிஸ்டினுக்கு உணர்திறன் உள்ளது என்று அறிவித்த எஃப்18 வகை ஈ. கோலை ஒன்றை, நீர்த்தல் முறையில் சோதிக்குமாறு வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்ற முடிவும், எம்.சி.ஆர்-1 உள்ளது என்ற மரபணுச் சான்றும் வந்தன. முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அந்தக் கொட்டில் முழுவதற்கும் கொலிஸ்டின் கலக்கப்பட்டு, அதைத் தாங்கும் ஒரே கிருமிக்குக் குடல் முழுவதும் திறந்துவிடப்பட்டிருக்கும். இதை ஆய்வகத்துக்கு எழுதியபோது, வட்டுச் சோதனை விரைவானது, வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்ற பதில் வந்தது. விரைவாகக் கிடைக்கும் தவறான முடிவைவிட, இம்மருந்து சோதிக்கப்படவில்லை என்ற ஒற்றை வரி மருத்துவருக்கு எவ்வளவோ உதவும்.

சரியாக அளப்பதன் பயன் சிறியதல்ல. சீனா 2017-இல் கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. அங்கே பன்றிகளிடமிருந்து பிரித்த ஈ. கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு, 2015–16-இல் 34 விழுக்காடாக இருந்தது, 2017–18-இல் சுமார் 5 விழுக்காடாகக் குறைந்தது என்று பின்னர் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருந்தை விலக்கினால் எதிர்ப்பு பின்வாங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரு தனிப் பண்ணை தன் அளவில் அத்தகைய மாற்றத்தைக் காண விரும்பினால், அதன் கையில் நம்பத்தக்க எண்கள் இருக்க வேண்டும்.

எண்கள் என்று சொல்லும்போது அறிக்கையின் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்கு "உணர்திறன் உள்ளது", "இடைநிலை", "எதிர்ப்பு உள்ளது" என்ற மூன்று சொற்களில் ஒன்று மட்டுமே அச்சாகிறது. அந்தச் சொல் எந்த அளவுகோலின்படி எழுதப்பட்டது என்ற குறிப்பு இல்லை. பன்றிகளின் குடல் நோய்க் கிருமிகளுக்கென்று வகுக்கப்பட்ட மருத்துவ அளவுகோல்கள் மிகச் சில. மற்றவற்றுக்கு, மனித நோயாளியின் இரத்தத்தில் மருந்து எட்டும் செறிவை வைத்து வகுக்கப்பட்ட அளவுகோல் இரவல் வாங்கப்படுகிறது. நியோமைசின் போல வாய்வழியாகக் கொடுத்தால் இரத்தத்தில் ஏறக்குறைய சேராமல் குடலிலேயே தங்கிவிடும் மருந்துக்கு அந்த இரவல் அளவுகோல் என்ன சொல்லும் என்பதை மருத்துவர்தான் எடைபோட முடியும், அதற்கு அவருக்குக் கிருமியை அடக்கிய குறைந்தபட்சச் செறிவின் எண் தெரிய வேண்டும். இதைவிடக் கடுமையான பிழையும் ஒரு முறை வந்தது: சால்மோனெல்லா வளர்ந்த மாதிரிக்கு ஜென்டாமைசின் உணர்திறன் உள்ளது என்று எழுதியிருந்தார்கள். சால்மோனெல்லா உடலின் செல்களுக்குள் புகுந்து வாழ்வது. ஜென்டாமைசின் வகை மருந்துகள் செல்லுக்குள் போதிய அளவு நுழைவதில்லை. தட்டில் வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கிருமிக்கு அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்பது ஆய்வக விதி.

சுவாச நோய் மாதிரிகளில் இந்த ஆய்வகத்தின் பணி வேறு தரத்தில் இருக்கிறது, அதை மனமுவந்து பாராட்டுகிறேன். நுரையீரலையும் அதன் உறையையும் தாக்கும் ஆக்டினோபாசில்லஸ் கிருமி சாதாரண ஊடகத்தில் வளராது. அதற்கெனச் செறிவூட்டிய ஊடகமும் கார்பன் டையாக்சைடு நிறைந்த சூழலும் வேண்டும். அவற்றை முறையாக அமைத்து, டியாமுலின், ஃபுளோர்ஃபெனிக்கால், டூலத்ரோமைசின் போன்ற மருந்துகளைப் பன்றிகளுக்கென்றே வகுக்கப்பட்ட அளவுகோல்களின்படி மதிப்பிட்டு, செறிவு எண்களையும் அச்சிட்டுத் தருகிறார்கள். ஆம்பிசிலின் போன்ற எளிய மருந்தே போதும் என்று இந்த அறிக்கைகள் காட்டியதால், கூடுதல் வீரியமுள்ள ஊசிகளைத் தவிர்க்க முடிந்த கொட்டில்கள் உண்டு.

அதே எளிய மருந்து அறிக்கைத் தாளில் கண்ணில் படுவதே கடினம் என்பது வருத்தம். மருந்துகள் எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில் வருகின்றன. மனிதர்களுக்கு இன்றியமையாத மருந்து வகைகளைச் சேர்ந்த மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் என்ரோஃபுளாக்சசினும், முதலில் பரிசீலிக்க வேண்டிய பழைய மருந்துகளுடன் கலந்து கிடக்கின்றன. பண்ணை மேலாளர் எவரும் அந்தப் பட்டியலில் புதியதும் வலியதுமான பெயரைத்தான் தேர்ந்தெடுப்பார். ஐரோப்பிய மருந்து முகமை விலங்குகளுக்கான ஆன்டிபயாடிக்குகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது: தவிர்க்க வேண்டியவை, கட்டுப்படுத்த வேண்டியவை, எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டியவை, பொறுப்புணர்வுடன் முதலில் பயன்படுத்தக்கூடியவை. கொலிஸ்டினும், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினான செஃப்டியோஃபரும், என்ரோஃபுளாக்சசினும் இரண்டாம் வகுப்பில் உள்ளன; வேறு மருந்து பயன்படாது என்ற நிலையில், இயன்றவரை உணர்திறன் சோதனையின் அடிப்படையில் மட்டுமே அவற்றைத் தொடலாம். மனித மருத்துவமனை ஆய்வகங்கள் பல, எளிய மருந்து அடக்கும் என்று தெரிந்தால் வலிய மருந்தின் முடிவை மருத்துவர் கேட்காதவரை அச்சிடுவதே இல்லை. அதே ஒழுங்கைப் பண்ணை அறிக்கைக்குக் கொண்டுவர ஆய்வகத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

நோயற்ற மந்தையில் எதிர்ப்புக் கிருமிகள் உள்ளனவா என்று தேடும் சோதனையும் இந்தச் சேவையில் உண்டு. அது சிறப்பாகவே நடக்கிறது. செஃபோடாக்சிம் கலந்த ஊடகத்தில் மல மாதிரியை வளர்த்து, செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுரக்கும் ஈ. கோலையைத் தேடுகிறார்கள், கொட்டிலின் தூசியைத் துணியால் துடைத்தெடுத்து எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸைத் தேடுகிறார்கள். நெதர்லாந்தில் 2000-களின் நடுவில் பன்றி வளர்ப்போரிடமும் அவர்கள் குடும்பத்தினரிடமும் முதலில் கவனிக்கப்பட்ட சி.சி.398 என்னும் எம்.ஆர்.எஸ்.ஏ. வகை, பன்றிக்கு நோய் எதையும் பெரும்பாலும் தராமல், மனிதர் மூக்கில் குடியேறக்கூடியது. இதன் முடிவுடன், பண்ணைத் தொழிலாளர்கள் அறுவைச் சிகிச்சைக்கோ மருத்துவமனைச் சேர்க்கைக்கோ செல்லும்போது தங்கள் வேலையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற எளிய மொழிக் குறிப்பையும் ஆய்வகம் இணைக்கிறது. அஞ்ச வைக்காமல், உண்மையை மறைக்காமல் எழுதப்பட்ட அந்தக் குறிப்புக்காகவே இந்தச் சோதனையைப் பரிந்துரைப்பேன்.

ஆண்டு முடிவில் வரும் தொகுப்பறிக்கையில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு கிருமியின் எதிர்ப்பு விழுக்காட்டைக் கணக்கிடக் குறைந்தது 30 தனிக் கிருமிகளாவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சி.எல்.எஸ்.ஐ. தரநிலை அமைப்பின் பரிந்துரை. ஏழெட்டுக் கிருமிகளை வைத்து வரைந்த வண்ணப் படம் பண்ணையில் எதிர்ப்பு பாதியாகக் குறைந்ததாகக் காட்டினால் அதில் மகிழ ஒன்றுமில்லை.

தட்டில் வளராத கிருமிகளும் உண்டு. வளரும் பன்றிகளின் குடலைத் தடிக்கச் செய்யும் லாசோனியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும்; அதற்கு உணர்திறன் சோதனை வழக்கமான ஆய்வகம் எதிலும் இயலாது. குருதிக் கழிச்சலை உண்டாக்கும் பிராக்கிஸ்பைரா, ஆக்சிஜன் இல்லாத சூழலில் நாள்கணக்கில் மெதுவாக வளரும். அதற்குக் கொடுக்கத்தக்க மருந்துகளும் மிகச் சில, அவற்றுள் டைலோசின் பல இடங்களில் ஏற்கெனவே பயனற்றுப் போய்விட்டது. இந்த இரண்டையும் பற்றிக் கேட்டால், தொலைபேசியில் ஆலோசனை தரும் ஆய்வகக் கிருமியியலாளர் நேரடியாகப் பதில் சொல்கிறார். இயலாததை இயலும் என்று காட்டுவதில்லை. அவர் முதலில் கேட்கும் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை, தீவனத்தில் சேர்த்த துத்தநாகத்தையும் தாமிரத்தையும் பற்றியதாக இருக்கிறது. துத்தநாக ஆக்சைடைக் கழிச்சல் தடுப்புக்காக மிகுதியாகச் சேர்த்தால், துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெத்திசிலின் எதிர்ப்பு மரபணுவும் ஒரே டி.என்.ஏ. துண்டில் அமைந்த சி.சி.398 கிருமிகள் தேர்ந்தெடுக்கப்படும். ஆன்டிபயாடிக்கைத் தொடாத பண்ணையிலும் எதிர்ப்பு நிலைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடை முற்றிலும் விலக்கியதற்குச் சுற்றுச்சூழல் மாசுடன் இந்த அச்சமும் ஒரு காரணம்.

அந்தத் தொலைபேசி ஆலோசனைக்காகவும் சுவாச நோய் அறிக்கைகளுக்காகவும் ஒப்பந்தத்தைத் தொடர்கிறேன். தொடர்வதற்கு மூன்று நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்: ஒவ்வொரு மருந்தின் எதிரிலும் சோதனை முறையும் அளவுகோலும் அச்சாக வேண்டும், எஃப்4, எஃப்18 சோதனை முடியாத ஈ. கோலைக்கு மருந்துப் பட்டியல் வரக் கூடாது, கொலிஸ்டினை நீர்த்தல் முறையில் சோதிக்க வேண்டும், இல்லையேல் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். முதல் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டும் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதுவரை கொலிஸ்டின் சோதனைக்கான மாதிரிகளை வேறிடத்துக்கே அனுப்புகிறேன்.